பூனை உலவும் வீட்டில் முயலுக்கு உறுதியான கூண்டு

கடையில் கிடைக்கும் முயல் கூண்டுகள் முயல் வெளியே வராமலிருக்கச் செய்யப்பட்டவை. பூனையும் இருக்கும் வீட்டில் அது போதாது. ஐந்து கிலோ பூனை அலமாரியிலிருந்து கூண்டின் தலையில் குதிக்கும், கம்பிக்குள் காலை விட்டுத் துழாவும், தாழ்ப்பாளைத் தட்டிப் பார்க்கும். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளிலும் 2024 செப்டம்பர் முதல் உரிமத்தோடு இரண்டு பூனை வரை வளர்க்கலாம் என்றாகிவிட்டதால், இந்தச் சிக்கல் இனி பல வீடுகளில் வரும்.

சிறிய இன முயலுக்கு 120 செ.மீ. நீளம், 60 அகலம், 75 உயரம் வையுங்கள். பின்னங்காலில் நின்றால் காது கூரையில் இடிக்கக் கூடாது. இந்த அளவு இரவுக்கும் ஆளில்லாத நேரத்துக்கும்தான். தினமும் சில மணி நேரம் பூனையை வேறு அறையில் விட்டுவிட்டு முயலை ஓடவிட வேண்டும்.

மரம் 40 மி.மீ. சதுரப் பைன் சட்டம். தூண் 75 செ.மீ. நான்கு, நீளச் சட்டம் 112 செ.மீ. நான்கு, குறுக்குச் சட்டம் 52 செ.மீ. ஆறு. ஆறில் இரண்டு கூரைக்கு நடுவே போகும். பூனை குதிக்கும் வேகத்தைத் தாங்குவது அவைதான், மிச்சம் பிடிக்க வேண்டாம். முன்பக்கத்தில் 60 செ.மீ. இடைவெளி விட்டு 67 செ.மீ. சட்டம் இரண்டு நட்டால் கதவுக்கு இடம் கிடைக்கும். கதவுச் சட்டத்தையும் சேர்த்து 16 மீட்டர் வாங்கினால் போதும். 3 மி.மீ. துளை போட்ட பிறகே 75 மி.மீ. திருகை இறக்குங்கள். சட்டத்தின் முனையில் இறங்கும் திருகு நாளடைவில் தளரும் என்பதால் மூலைக்கு மூலை எல் வடிவத் தகடும் வேண்டும்.

வலையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கோழிவலையை முயல் கடித்தே அறுத்துவிடும். கட்டம் கட்டமாக இணைக்கும் அலமாரிக் கம்பித் தட்டுகளில் இடைவெளி பெரிது, பூனையின் கால் முழுதாக உள்ளே போகும். 14 கேஜ் தடிமனுள்ள வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை), ஒரு அங்குலத்துக்கு அரை அங்குலக் கண் உள்ளது வாங்குங்கள். புதுத் துத்தநாகப் பூச்சை வினிகர் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெட்டிய முனைகளை அரத்தால் மழுக்குங்கள். வலையைச் சட்டத்தின் உட்பக்கம் அடித்தால் முயல் மரத்தைக் கொறிக்காது. ஆனால் உட்பக்கம் அடித்த வலையைப் பூனை வெளியிலிருந்து தள்ளும்போது ஸ்டேப்பிள் முள் கழன்றுவிடும். அதனால் 10 செ.மீ.க்கு ஒன்றாக அகல வாஷரோடு திருகு போடுங்கள். வலையைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டினால் முயல் அதை ஒரே இரவில் மென்றுவிடும்.

கதவைச் சுற்றி 4 மி.மீ. இடைவெளி விடுங்கள். அதைவிடக் குறைத்தால் டிசம்பர் மழையில் மரம் உப்பிக் கதவு இறுகும். கீல் மூன்று. தூக்கிவிடும் கொக்கி வேண்டாம், பூனை கற்றுக்கொள்ளும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இழுக்கும் தாழ்ப்பாள் இரண்டு.

தரைக்குக் கம்பி கூடாது, குதிகால் புண்ணாகும். 12 மி.மீ. பிளைவுட்டின் மேல் வினைல் விரித்து, ஓரத்தை 5 செ.மீ. சுவரில் ஏற்றி அலுமினியப் பட்டையால் மூடுங்கள். மேலே வழுக்காத பாய். கழிப்புத் தட்டில் காகித உருண்டைகள் போதும். பூனைக்கு வாங்கும் கட்டியாகும் களிமண் வயிற்றுக்குள் போனால் ஆபத்து.

கூரையில் பாதிக்கு மட்டும் பிளைவுட். முழுதும் மூடினால் வெக்கை தங்கும், முயலுக்கு வியர்க்காது. ஆனால் தலைக்கு மேல் பூனை உட்கார்ந்து உற்றுப் பார்த்தால் முயல் தீனியைத் தொடாது. ஆகவே மூடிய பாதிக்குக் கீழே முயல் ஒளிந்துகொள்ள இரண்டு வாசல் உள்ள பெட்டியை, வலையிலிருந்து 10 செ.மீ. தள்ளி வையுங்கள். கூண்டை மாலை வெயில் விழும் சன்னலோரம் வைக்காதீர்கள். படுக்க ஒரு பீங்கான் ஓடு போடலாம்.

பூனையின் பல்லோ நகமோ லேசாகப் பட்டாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். வாயிலுள்ள பாஸ்டுரெல்லா கிருமியால் சிறு காயமும் சீழ் பிடிக்கும்.

முயலை விடுமுன் கூரைமேல் இரண்டு பத்துக் கிலோ அரிசி மூட்டை வைத்துப் பாருங்கள். பிறகு உள்ளே பூனைக்குப் பிடித்த மீன் துண்டை வைத்துப் பூட்டி, ஓர் இரவு பூனையிடம் விட்டுவிடுங்கள். எந்த மூலையில் பிறாண்டியிருக்கிறதோ அங்கே இன்னும் நான்கு திருகு.