வாம்பட்டைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

ஆஸ்திரேலியாவில் வளை தோண்டி வாழும் வாம்பட்டைப் பற்றி எழுதப்போகிறீர்களா? முதல் சறுக்கல் பெயரிலேயே இருக்கிறது.

அகராதியைப் பார்த்து ‘வளைக்கரடி’ என்று போட்டுவிடாதீர்கள். அது பேட்ஜர், ஐரோப்பாவிலும் வளை தோண்டி வாழும் வேறு இனம். இந்தக் குழப்பத்தைத் தொடங்கிவைத்ததே அங்கு குடியேறிய வெள்ளையர்கள்தான். ஊரில் பார்த்த பேட்ஜர் மாதிரியே இருக்கிறதே என்று இதையும் அப்படியே அழைத்தார்கள். பேட்ஜர் பெயரில் இன்றும் அங்கே சில இடங்கள் உண்டு, பேட்ஜர்தான் கிடையாது. அறிவியல் பெயரில் வரும் ‘உர்சினஸ்’ வேறு ‘கரடி போன்ற’ என்கிறது. உண்மையில் நெருங்கிய சொந்தம் கோலா. அதையும் கரடி என்கிறோம், அது தனிக்கதை.

சரி, வாம்பட் என்பது ஆங்கிலச் சொல்லா? இல்லை, சிட்னி வட்டாரப் பூர்வகுடிகளின் தாருக் மொழிச் சொல். ‘ஆஸ்திரேலியப் பழங்குடி மொழி’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் போதாது; வெள்ளையர் வந்தபோது அங்கே 250 மொழிகளாவது இருந்தன. 1798 ஜனவரியில், நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் ஹன்டரின் பணியாள் ஜான் பிரைஸ், சிட்னிக்குத் தென்மேற்கே இன்றைய பார்கோ ஊர்ப் பக்கம் போனார். கூடப் போன ஜேம்ஸ் வில்சன் கைதியாக வந்து, விடுதலையானபின் பூர்வகுடிகளோடு காட்டில் திரிந்தவர். வழியில் கிடந்த புழுக்கையைப் பார்த்து வில்சன் சொன்ன பெயரை பிரைஸ் குறித்துக்கொண்டார். சுமார் 20 அங்குல உயரம், குட்டைக் கால், பருத்த உடம்பு, மிகச் சின்னக் கண் என்று விவரமும் எழுதினார். ஆக, இந்தப் பெயர் ஏட்டில் ஏறியதே சாணத்தின் தயவில்!

அந்தச் சாணம் கனசதுரமாக இருப்பது உண்மைதான். ஆசனவாய் சதுரமாக இருப்பதால் என்று எழுதினால்தான் தப்பு. குடலின் கடைசிப் பகுதியில் சுவர் ஓரிடத்தில் விறைப்பாகவும் ஓரிடத்தில் நெகிழ்வாகவும் இருக்கிறது; சுருங்கி விரியும்போது அங்கேயே முனைகள் உருவாகிவிடுகின்றன.

பல் வாழ்நாள் முழுக்க வளர்வதால் பெருச்சாளி இனம் என்றும் நினைக்க வேண்டாம். இது வயிற்றுப்பை உள்ள பாலூட்டி. படம் வரைபவர்கள் கங்காரு போலக் குட்டியை முன்பக்கம் எட்டிப்பார்க்க வைக்கிறார்கள். வாம்பட்டின் பை பின்பக்கம் திறக்கும். இல்லாவிட்டால் தோண்டுகிற மண்ணெல்லாம் குட்டியின் தலையில்தான் விழும்.

2019-20 காட்டுத்தீயின்போது வாம்பட்டுகள் மற்ற விலங்குகளைத் தங்கள் வளைக்கு ஓட்டிச்சென்று காப்பாற்றின என்று பரவிய கதையும் பொய். வளைக்குள் மற்றவை புகுந்துகொள்வது உண்டு, அழைப்பெல்லாம் கிடையாது.