பழைய ஸ்லாஷர் பட டிஸ்க் வாங்கும் முன் பின் அட்டையைப் பாருங்கள்

1980களின் ஸ்லாஷர் படங்களை, அதாவது கொலைகாரன் ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் திகில் படங்களை, டிஸ்க்கில் சேர்ப்பவரா? முன் அட்டையில் வழியும் ரத்தத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பின்பக்கம் திருப்பி, படம் ஓடும் நேரத்தைப் பாருங்கள். தணிக்கைக் கத்திரி இந்த வகைப் படங்களில் நிறையவே விளையாடியிருக்கிறது. ‘மை பிளடி வேலண்டைன்’ 1981இல் அமெரிக்கத் திரையரங்குக்கு வந்தபோது கொலைக் காட்சிகள் வெட்டப்பட்டிருந்தன. அதில் சுமார் 3 நிமிடம் 2009 டிவிடியில்தான் திரும்ப வந்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதற்கு முந்தைய டிவிடியை வாங்கினால், வெட்டுப்பட்ட படம்தான் வீட்டுக்கு வரும்.

ஆனால் நேரம் குறைந்தாலே வெட்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிரிட்டிஷ் டிவிடிகள் PAL என்ற டிவி ஒளிபரப்பு முறையில் வருபவை. வினாடிக்கு 24 பிரேம் படம் அதில் 25 ஆக ஓடும். அதனால் 90 நிமிடப் படம் 86 நிமிடச் சொச்சத்தில் முடிந்துவிடும். ஒரு காட்சியும் போயிருக்காது.

அப்புறம் மண்டலக் குறி, அதாவது டிஸ்க் எந்தப் பகுதி பிளேயரில் ஓடும் என்று காட்டும் குறி. புளூரேயில் அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி, இந்தியாவும் இலங்கையும் சி. வேறு மண்டலத்துக்கென்று பூட்டிய டிஸ்க்கை நம் பிளேயர் ஏற்காது. 4கே டிஸ்க்குக்கு அந்தப் பூட்டே கிடையாது. அதே பெட்டியில் கூட வரும் புளூரேவுக்கு இருக்கலாம்.

விஎச்எஸ் எனும் பழைய வீடியோ கேசட் பிரியர்கள் கேசட்டின் ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் மாவு தூவியதுபோல் வெள்ளையாக இருந்தால் அது பூஞ்சை. கேசட் ஓட்டும் விசிஆரில் போட்டால், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும்.