ரெட்-ஹேண்டட்: வெட்டிப் பார்த்தால் பிடிபடும்

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பின்னேரத்தில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். போன கிழமை ஒரு பொடியன் 'ஹி வாஸ் காட் ரெட்-ஹேண்டட்' என்பதற்கு 'அவன் சிவப்பாகக் கொடுத்தபோது பிடிபட்டான்' என்று எழுதியிருந்தான். சிரிப்பு வந்தது, ஆனால் ஹேண்ட் என்றால் 'கொடு' என்றும் பொருள் உண்டு, 'எட்' (ed) என்று முடிந்தால் இறந்தகாலம் என்று அடித்துச் சொன்னவன் நான்தானே. சரி, முதலிலிருந்து வருவோம்.

முதல் வேலை, நடுவில் உள்ள சின்னக் கோட்டில் வெட்டுங்கள். ரெட், சிவப்பு. ஹேண்டட்டுக்குள் இருப்பது ஹேண்ட், கை.

அடுத்து, பின்துண்டு வினையா பெயரா என்று கேளுங்கள். இதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். தேயிலைப் பெக்கட்டில் 'ஹை-க்ரோன்' என்று பார்த்திருப்பீர்கள். க்ரோன் வினையிலிருந்து வந்தது, ஆகவே உயரத்தில் வளர்ந்தது, அதாவது கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,200 மீற்றருக்கு மேலே விளைந்த நம்ம கொழுந்து. ஆனால் இங்கே கை என்பது பெயர். பெயரோடு 'எட்' ஒட்டினால் காலம் கிடையாது, 'உடைய' என்று பொருள். நாம் சுருட்டைமுடிக்காரன் என்கிறோம், அவர்கள் கர்லி-ஹேர்ட் என்கிறார்கள். நம்ம 'காரன்' பார்க்கிற வேலையை அங்கே 'எட்' பார்க்கிறது. ஆக, சிவந்த கையுடைய.

மூன்றாவது, ஏன் சிவப்பு? இதற்கு ஊகம் உதவாது, சொற்பிறப்பு சொல்லும் அகராதியைப் புரட்ட வேண்டும். பழைய ஸ்கொட்லாந்துச் சட்டத்தில் 'ரெட் ஹேண்ட்' என்றால் கொலைசெய்த இரத்தம் கையில் காயுமுன் பிடிபட்டவன். 'எட்' பிறகு ஒட்டிக்கொண்டது. இரத்தம் போய், இப்போது எந்தக் களவுக்கும் சொல்லலாம்.

கடைசியாக, தமிழில் தேடுங்கள். கையும் களவுமாக! அதிலும் கை இருக்கிறது பாருங்கள். ஆனால் செய்யும்போதே மாட்ட வேண்டும். சின்ன வயதில் அம்மாயியின் பாத்தியில் பீட்ரூட் பிடுங்கி, மண்ணைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பச்சையாகவே கடித்துக்கொண்டிருந்தேன், விரலெல்லாம் சிவப்பு, பின்னால் அம்மாயி. அது ரெட்-ஹேண்டட். பீலித் தண்ணீரில் கைகழுவி லயத்து வீட்டுக்குள் போனபிறகு யாராவது கோள்மூட்டி அடிவாங்கியிருந்தால், களவு என்னுடையதுதான், இந்தச் சொல் பொருந்தாது.

இப்போது 'எம்ப்டி-ஹேண்டட்' நீங்களே வெட்டிப் பாருங்கள். எம்ப்டி என்றால் வெறும். மிச்சத்துக்கு 'வெறுங்கையோடு' என்று நம்மிடம் கைவசமே இருக்கிறது.