அடையாளச் சீட்டில் நாலு வரி

ஒரே வாரத்தில் துப்பறியும் கதை, சரித்திர நாவல், அறிவியல் புனைகதை என்று மாற்றி மாற்றிப் படிப்பவர்கள், பக்க அடையாளத்துக்கு வைக்கும் துண்டுச்சீட்டிலேயே பாத்திரங்களின் பெயர், யாருக்கு யார் என்ன உறவு, நிறுத்திய இடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நாலு வரி எழுதி வையுங்கள். இரண்டு நாள் இடைவெளியில் கதை மறப்பதில்லை, பெயர்கள்தான் முதலில் நழுவும். சரித்திர நாவலில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர் வேறு இருக்கும்! சீட்டு இருந்தால் பின்னோக்கிப் புரட்டும் வேலை மிச்சம். அப்புறம், ஒரே வகையில் இரண்டு நாவல்களைச் சேர்த்து எடுக்காதீர்கள், பாத்திரங்கள் குழம்பிவிடும்.

சிறுகதைக்கு இது தேவையில்லை. துப்பறியும் கதைக்கும் போதாது. அதில் துப்பு சின்னச் சின்ன விவரங்களில் ஒளிந்திருக்கும், நடுவில் வேறு புத்தகத்துக்குத் தாவாமல் முடித்துவிடுவதே நல்லது.