எங்கள் ஊர் எம்.எல்.ஏ.வின் வரலாற்றை எழுதுவது எப்படி?

கோபிச்செட்டிபாளையத்தில் முப்பது வருடம் வரலாற்றுப் பாடம் நடத்தியவன் நான். அரசியல்வாதியின் வாழ்க்கையை எழுத வரும் பிள்ளைகளிடம் முதலில் சொல்வது: அவர் வீட்டுக்குப் போகாதீர்கள். காபியோடு புகழுரையும் வரும்.

முதலில் காலத்தையும் எல்லையையும் சரிபாருங்கள். ஈரோடு 1979இல்தான் கோவையிலிருந்து பிரிந்தது. திருப்பூர் மாவட்டம் 2009இல் வந்தது. தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்த 2008 மறுவரையறை பல தொகுதிகளைக் கலைத்துவிட்டது. பழைய தொகுதிப் பெயரை இன்றைய வரைபடத்தில் தேடி ஏமாறாதீர்கள். செங்குட்டைப்பாளையத்தில் 1910இல் பிறந்த சி. சுப்பிரமணியத்தைப் பற்றி எழுதும்போது நானே சறுக்கினேன். 1952 முதல் 1962 வரை அவர் அமைச்சராக இருந்தது சென்னை மாநிலத்தில். நானோ 'தமிழ்நாடு அமைச்சர்' என்று எழுதியிருந்தேன். பெயர் மாறியது 1969இல்!

வாக்குக் கணக்குக்குத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கை போதும். சொத்து, வழக்கு விவரங்களுக்கு, வேட்பாளர் வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தைப் பாருங்கள். இரண்டு தேர்தல்களின் பத்திரங்களை அருகருகே வையுங்கள். தோட்டம் எத்தனை ஏக்கர் வளர்ந்தது என்று தெரியும். ஆனால் 1990களுக்கு அதைத் தேடி அலையாதீர்கள், அப்போது அந்த வழக்கமே இல்லை.

பேரவையில் என்ன பேசினார் என்பது நடவடிக்கைக் குறிப்புகளில் இருக்கிறது. பலரும் இதைத் தொடுவதே இல்லை, சோம்பேறித்தனம்தான்.

கடைசியாக டீக்கடைக்குப் போங்கள். மொடக்குறிச்சியில் 1996இல் 1033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டு புத்தகமாகவே ஆன கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். எண்ணை மட்டும் அறிக்கையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.