பெரிய கீபோர்டையும் சிறிய சிந்தசைசரையும் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துத் தேவாலயப் பாடகர் குழுவானாலும், முளைப்பாரித் திருவிழாவுக்கு வரும் மெல்லிசைக் குழுவானாலும், கீபோர்டு வாசிப்பவருக்குச் சிறிய சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி) ஒரு வரம். பையில் அடங்கும், ஒலியும் செழுமையாக இருக்கும். ஆனால் அதில் இருப்பவை பெரும்பாலும் 25 அல்லது 37 சிறு கட்டைகளே. இரண்டு கைகளையும் வைத்து வாசிக்க இடம் போதாது. ஆகவே 61 அல்லது 88 கட்டைகள் கொண்ட மிடி கன்ட்ரோலர் ஒன்றை வாங்கி அதனோடு இணைக்கிறார்கள். மிடி என்பது இசைக்கருவிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் முறை. இணைப்பு எளிதுதான் என்றாலும், கன்ட்ரோலருக்கு என்று சொந்த ஒலி எதுவும் இல்லை என்பதையும், எந்தக் கட்டையை எவ்வளவு விசையோடு அழுத்தினோம் என்ற செய்தியை மட்டுமே அது அனுப்புகிறது என்பதையும் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒலிப்பது சிறிய கருவி. அதன் வரம்புகளும் அப்படியே இருக்கும்.

இரண்டு கருவிகளிலும் சதுர வடிவ யூஎஸ்பி துளை இருப்பதைப் பார்த்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேராக வயர் போட்டால் போதும் என்று எண்ணுவது முதல் தவறு. இரண்டுமே ஒரு கணினியின் கட்டளைக்குக் காத்திருக்கும் கருவிகள் என்பதால், நடுவில் மடிக்கணினியோ யூஎஸ்பி மிடி ஹோஸ்ட் என்ற சிறு பெட்டியோ இல்லாமல் அவை பேசிக்கொள்ள மாட்டா. 1983-இல் அறிமுகமான ஐந்து முள் மிடி வயருக்கு இந்தத் தொல்லை இல்லை: கன்ட்ரோலரின் அவுட்டிலிருந்து சிந்தசைசரின் இன்னுக்குக் கொடுத்தால் வேலை முடிந்தது. வாங்கும்போதே கன்ட்ரோலரில் அந்த வட்டத் துளை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விலை குறைந்த பலவற்றில் அது இருப்பதில்லை. சிறிய கருவிகள் சிலவற்றில் வட்டத் துளைக்குப் பதிலாக 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கும்; அதை ஐந்து முள் வயரோடு சேர்க்க அடாப்டர் வேண்டும். அதில் ஏ, பி என்று இரண்டு வகை உண்டு. 2018-இல் ஏ வகையே பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. அதற்கு முன் வந்த ஆர்ட்டூரியா, நோவேஷன் கருவிகள் சில பி வகையைச் சேர்ந்தவை. அடாப்டரின் வகை மாறினால் கருவி கெடாது, ஆனால் ஒரு சத்தமும் வராது. கருவியே பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

மடிக்கணினியும் சேரும்போது வேறொரு சிக்கல் வருகிறது. ஐந்து முள் வயர் ஏற்கெனவே மாட்டியிருக்க, யூஎஸ்பி வழியாகவும் அதே செய்தி கணினியைச் சுற்றிச் சிந்தசைசருக்கு வந்து சேர்ந்தால், ஒவ்வொரு சுரமும் இரண்டு முறை அடிக்கப்படும். ஒலி தகரம் போலக் கேட்கும்; குரல்களும் (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் இடங்கள்) இரட்டிப்பாகச் செலவாகும். சிந்தசைசருக்குச் செய்தி வர ஒரு வழியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குரல்களின் எண்ணிக்கை பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மேடையில் மிகுந்த ஏமாற்றம் தருவது இதுதான். கோர்க் மினிலாக், மைக்ரோகோர்க் போன்ற கருவிகளில் ஒரே நேரத்தில் ஒலிப்பவை நான்கு சுரங்கள் மட்டுமே. 88 கட்டைகளைக் கண்டவுடன் கை பியானோ வாசிக்கத் தொடங்கிவிடுகிறது: இடக்கையில் சட்ஜமும் பஞ்சமமும், வலக்கையில் மூன்று சுரங்கள் கொண்ட ஒரு கார்டு. ஐந்தாவது சுரம் ஒலிக்க வேண்டுமானால் முன்பு ஒலித்த ஒன்று நின்றாக வேண்டும். பெடலையும் மிதித்தால், விரல் எடுத்த சுரங்களும் விடாமல் குரலைப் பிடித்துக்கொண்டிருக்கும். பல்லவி முடிவதற்குள் அடியில் தாங்கிய பேஸ் காணாமல் போயிருக்கும். கை எடுத்த பின் ஒலி மெல்லத் தேயும்படி ரிலீஸ் நேரத்தை நீளமாக வைத்தாலும் இதே விளைவுதான். இதற்குப் பெடலைக் குறைப்பதைவிட, கன்ட்ரோலரின் கட்டைகளை ஸ்ப்ளிட் வசதியால் இரண்டாகப் பிரித்து, வலப்பகுதியை ஒன்றாம் சேனலில் (சேனல் என்பது செய்தி செல்லும் தனித் தடம்) சிந்தசைசருக்கும், இடப்பகுதியை இரண்டாம் சேனலில் மடிக்கணினியில் உள்ள பேஸ் ஒலிக்கும் அனுப்புவதே நல்ல வழி என்பது என் கருத்து. மிடியில் 16 சேனல்கள் இருப்பது இதற்காகத்தான். சிந்தசைசர் எல்லாச் சேனல்களையும் கேட்கும் ஆம்னி நிலையில் இருந்தால் இந்தப் பிரிவினை பலிக்காது. அதை ஒன்றாம் சேனலுக்கு மட்டும் மாற்றிவையுங்கள்.

சுருதிக் கட்டையை மாற்றுவதிலும் கவனம் தேவை. பாடுபவர் இரண்டு கட்டை கேட்கிறார், நீங்கள் பழகியிருப்பது ஒரு கட்டை என்றால், கன்ட்ரோலரில் டிரான்ஸ்போஸை (சுருதியை ஏற்றி இறக்கும் வசதி) +2, அதாவது இரண்டு அரைச்சுரம் மேலே வைப்பீர்கள். சிந்தசைசரில் சேமித்த ஒலியிலும் முன்பே +2 இருந்தால், பாட்டு மூன்று கட்டையில் தொடங்கும், பாடகர் திணறுவார். டிரான்ஸ்போஸ் செய்வதை ஒரே கருவியில் மட்டும் செய்வது என்று குழுவில் முடிவு செய்துகொள்வது நல்லது. சுரத்தை வளைக்கும் சக்கரமான பிட்ச் வீலுக்கும் இதுபோன்ற கணக்கு ஒன்று உண்டு. வீல் அனுப்புவது நகர்ந்த அளவை மட்டுமே. அது எத்தனை அரைச்சுரம் வளையும் என்பதைத் தீர்மானிப்பது சிந்தசைசரின் அமைப்பு. கமகத்துக்குப் பழகிய கைக்கு இரண்டு அரைச்சுரம் போதும். பன்னிரண்டில் வைத்த ஒலியில் அதே அசைவைச் செய்தால் சுரம் ஒரு ஸ்தாயியையே நோக்கித் தாவும். ஒலிக்கு ஒலி இது மாறக்கூடும் என்பதால், கச்சேரிக்கு முன் ஒவ்வொன்றிலும் வீலைத் தள்ளிப் பாருங்கள்.

அழுத்திய பின் ஒலி தாமதமாக வந்தால் மிடி வயரைக் குறை சொல்வதும் தவறு. நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஒரு சுரத்தின் செய்தி சென்று சேர ஏறத்தாழ ஒரு மில்லிநொடிதான் ஆகும். தாமதம் பெரும்பாலும் மடிக்கணினியின் பஃபர் (ஒலியை வெளியிடும் முன் தேக்கிவைக்கும் இடம்) அளவால் வருவது.

ஜெனரேட்டரில் ஓடும் மேடைகளில் யூஎஸ்பி இணைப்பால் ஸ்பீக்கரில் ஓர் உறுமல் கேட்பதுண்டு. கணினியின் எர்த்தும் மிக்சரின் எர்த்தும் அந்த வயர் வழியே ஒரு வளையமாகிவிடுவதே காரணம். ஐந்து முள் மிடி இணைப்பில் செய்தி ஒளி வழியாகக் கடக்கும்படி சிந்தசைசருக்குள் ஆப்டோ ஐசொலேட்டர் இருப்பதால், அந்த வழியாக வளையம் உருவாவதில்லை. வயரின் நீளம் 15 மீட்டருக்குள் இருக்கட்டும்.

நம் கரைக்கு மட்டும் உரிய தவறு ஒன்றும் உண்டு: கச்சேரி முடிந்ததும் வயர்களைக் கருவியிலேயே மாட்டி விட்டுப்போவது. பாம்பன் பாலத்து இரும்பையே அரிக்கும் உப்புக் காற்று, மிடி முள்ளையும் ஜாக்கையும் விட்டுவைக்காது. இரண்டு கருவிகள் என்றால் பச்சை பூக்கும் இடங்களும் இரண்டு மடங்கு. வயர்களைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பையில் வையுங்கள். இணைப்பு விட்டுவிட்டு வந்தால் உப்புத்தாளால் சுரண்டாமல், காண்டாக்ட் கிளீனர் அடித்து, சிந்தசைசரை அணைத்த நிலையிலேயே நாலைந்து முறை செருகி எடுங்கள். முலாம் போய்விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் துரு இன்னும் ஆழமாக இறங்கிவிடும்.