அமெரிக்கத் தேர்தல் குறித்த பிரிட்டன் கன்சர்வேட்டிவ்களின் கருத்துகளைப் படிப்பது எப்படி?

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும்போது, பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சியினர் அனைவரும் குடியரசுக் கட்சி வேட்பாளரையே விரும்புவார்கள் என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிடாதீர்கள். 2008இல் குடியரசுக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்ட ஜான் மெக்கெய்ன், 2006இல் கன்சர்வேட்டிவ் கட்சியின் மாநாட்டு மேடையிலேயே பேசியவர். அப்படியிருந்தும், அப்போது லண்டன் மேயராக இருந்த கன்சர்வேட்டிவ் தலைவர் போரிஸ் ஜான்சன், மெக்கெய்னை எதிர்த்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பராக் ஒபாமாவை ஆதரித்தே பத்திரிகையில் எழுதினார்.

ஒருவர் எந்த நிலையிலிருந்து பேசுகிறார் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். யார் வென்றாலும் வெள்ளை மாளிகையுடன் பழக வேண்டியவர் என்பதால், பிரதமர் நாவடக்கம் காப்பதே வழக்கம். 1992இல் அன்றைய பிரதமர் ஜான் மேஜரின் கட்சி அலுவலர்கள் குடியரசுக் கட்சி அதிபரான மூத்த புஷ்ஷின் தரப்புக்கு உதவப்போய், வென்ற பில் கிளின்டனுடன் தொடக்கத்திலேயே கசப்பு மூண்டது. எனினும் டேவிட் கேமரன், பிரதமராக இருந்தபோதே, முஸ்லிம்களை அமெரிக்காவுக்குள் விடக்கூடாது என்ற டிரம்பின் யோசனையை 2015 டிசம்பரில் வெளிப்படையாகக் கண்டித்தார். பதவி போனவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை; 2024இல் முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் டிரம்பை ஆதரித்ததை அப்படித்தான் படிக்க வேண்டும்.

அடுத்து, எந்தக் கொள்கையில் பிளவு விழுகிறது என்று பாருங்கள். உக்ரைனும் நேட்டோவும் முக்கியம் என்பவர் டிரம்பைக் கண்டு தயங்குவார். குடியேற்றக் கட்டுப்பாட்டை முன்னிறுத்துபவர் அவரை வரவேற்பார். தடையற்ற வணிகத்தைப் போற்றுபவரோ அமெரிக்காவுடன் வணிக ஒப்பந்தத்தை விரும்பிக்கொண்டே டிரம்பின் இறக்குமதி வரிக்கு அஞ்சுவார். தாம் அமெரிக்கராக இருந்தால் டிரம்புக்கே வாக்களிப்பதாக அப்போது கன்சர்வேட்டிவ் எம்.பி.யாக இருந்த ராபர்ட் ஜென்ரிக் 2024இல் சொன்னபோது, அவர் அக்கட்சியின் தலைமைக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சொற்கள் வாஷிங்டனைவிடத் தம் கட்சி உறுப்பினர்களை நோக்கியே சொல்லப்பட்டவை என்பது என் கணிப்பு.